நொச்சிக்குப் போட்ட இலை

நொச்சி செத்துப்போன செய்தியை ஞானசௌந்தரி இன்னும் தன் புருஷனிடம் சொல்லவில்லை. செத்தது நேற்று இன்று இல்லை, எட்டாம் அத்தியாயத்திலேயே போய்விட்டான், இப்போது கதை முடிகிற இடத்தில் வந்து நிற்கிறது; இத்தனைக்கும் நொச்சி சொந்தமில்லை பந்தமில்லை, 'எழுகரை' என்கிற மூன்று பாகக் கற்பனை நாவலில் ஓடம் தள்ளுகிற குருட்டுக் கிழவன், காகிதத்தில் பிறந்து காகிதத்தில் போனவன். போனவனைப் போக விடாமல் பிடித்து வைத்திருப்பது இவள்தான். கண் ஆஸ்பத்திரியின் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் அந்த மூன்றாம் பாகத்தைச் செங்கல் மாதிரி வைத்துக்கொண்டு, எதிரே தொங்கும் பச்சைத் திரையையே பார்த்தபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்: திரைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிற மனுஷன் கண் தெளிந்து வந்தால் முதலில் கேட்கப்போவது இந்தப் புத்தகத்தை. கேட்பார். "கண்ணு தெளிஞ்சதும் மொதல்ல வேதம், பொறவு எழுகரை" என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறவர். பைபிளில் பயமில்லை, அதில் அவள் கை வைக்கவில்லை. எழுகரையைத் திறந்தால் எட்டாம் அத்தியாயம் வரும், அதன் நடுவில் அந்த வரி இருக்கும். 'அந்தப் பனியில் நொச்சியும் போனான்.' அவ்வளவுதான், ஒரே வரி, ஓசூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதிவிட்டு அடுத்த பத்தியில் சாம்பல் படை மலையிறங்குவதைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். பின்னட்டையில் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள், முப்பத்தைந்து வயசு இருக்குமோ என்னவோ. இரண்டு பாகம் பூராவும் கூடவே வந்த கிழவனுக்கு ஒரு வரி. சிரிக்கிறாளே என்று ஞானசௌந்தரிக்கு ஆத்திரமாக வந்தது, பிறகு, ஆபரேஷன் தியேட்டருக்குள் ஏதோ தட்டு விழுந்த சத்தம் கேட்டதும், ஆத்திரமெல்லாம் எங்கோ போய்விட்டது. தட்டு யாருடையது, எந்தக் கத்தி கீழே விழுந்தது, விழுந்ததைக் கழுவாமல் எடுத்துவிட மாட்டார்களே. மாட்டார்கள், எத்தனை பேருக்குச் செய்கிறார்கள்.

மற்றவர்களுக்கு இது அரை மணி நேரச் சமாசாரம். பக்கத்து நாற்காலிக்காரி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "எங்க மாமியாருக்குப் போன மாசம் ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். ஞானசௌந்தரியின் புருஷன் தவசிமணிக்கு இருப்பதே ஒரு கண். இடது கண் சின்ன வயசில் கிட்டிப்புள் பட்டுப் போனது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் திருநெல்வேலி டெப்போவில் முப்பது வருஷம் நேரக்காப்பாளராக உட்கார்ந்து எந்த பஸ் எப்போது உள்ளே வந்தது, எந்த டிரைவர் டீக்கடையில் நின்றான் என்று எல்லாவற்றையும் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணில் புரை விழுந்ததும் ஆள் ஒடுங்கிப்போனார். டாக்டர், "ஒரே கண்ணு, சர்க்கரை வேற, பாத்துத்தான் செய்யணும், நூத்துக்கு நூறுன்னு வாக்கு குடுக்க மாட்டேன்" என்று சொன்னார், சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், கேட்டவர் அதையே மென்றுகொண்டிருந்தார். இரண்டு இட்லி வைத்தால் ஒன்றோடு எழுந்துவிடுவார். சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஞானசௌந்தரி நாவல் வாசிக்கிற ஒரு மணி நேரம்தான் அவர் முகத்தில் களை வரும். முதல் பாகத்தில் நொச்சி ஒற்றைக் கண்ணன், அறிமுகமான அன்றைக்கே "நம்மாளுளா இவன்" என்று தொடையைத் தட்டினார். இரண்டாம் பாகத்தில் நொச்சிக்கு அந்தக் கண்ணும் போயிற்று, அதற்கப்புறம் ஒவ்வொரு துறையிலும் ஓடத்தில் இருப்பவர்களைப் பார்த்து, "கரை தெரியுதா?" என்று கேட்பான், யாராவது ஒருத்தர், "தெரியுது நொச்சி, தள்ளு" என்பார்கள், தள்ளுவான். அதைத் தவசிமணி திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு இரண்டு இட்லியும் சாப்பிட்டார். அப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய் எட்டாம் அத்தியாயத்தில் பனியில் விறைக்க விட்டால் இவள் எந்த வாயால் வாசிப்பாள்.

எட்டாம் அத்தியாயம் வாசித்த அன்றைக்கு வாய் அந்த வரிக்கு வந்து நின்றது. "என்னளா நிறுத்திட்ட?" என்றார். "தொண்டை கட்டிக்கிட்டு" என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், ஒரு டம்ளர், அப்புறம் வேண்டாத இன்னொரு டம்ளர், திரும்பி வந்து உட்கார்ந்து, நொச்சி மட்டும் ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதனடியில் சுருண்டு படுத்துக்கொண்டான், பனி ஓடத்தின் மேலே பெய்தது என்று வாசித்தாள். ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. "அவன் சாவானா, கெட்டிக்காரன்லா" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு முடிந்தது கதை, இனி பின்வாங்க வழியில்லை. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் பிள்ளைகளுக்கு இடைச்செருகல் என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தப் பாட்டு மூலத்தில் உள்ளது, எது பின்னால் வந்தவன் கைவரிசை என்று சொல்லிக்கொடுத்த தமிழ் டீச்சர், அறுபத்தொரு வயசில் சொந்த வீட்டில் உட்கார்ந்து இடைச்செருகல் செய்ய ஆரம்பித்தாள். மத்தியானம் அவர் கண்ணயர்கிற நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து, இன்றைக்கு நொச்சி எங்கே நிற்பான், என்ன சொல்வான் என்று யோசித்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, கரகரத்த அவன் குரலைத் தொண்டையில் ஏற்றிக்கொள்வாள். கஞ்சியில் உப்புப் பத்தாது என்பான். காற்றை மோந்து மழை வரும் என்பான். கரை தெரியுதா என்பான். ஆனால் அதிலும் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது: நொச்சி வாயில் எதை வேண்டுமானாலும் வைப்பாள், மற்றவர் பேச்சில் ஒரு எழுத்தைத் தொட மாட்டாள். சேர்ப்பது பிழை, திருத்துவது பாவம். அந்தப் பெண் எழுதியது அந்தப் பெண்ணுடையது. இப்படித் திருடுகிறவளுக்கு இத்தனை சுத்தபத்தம் என்ன என்று அவளே தன்னைக் கேட்டுச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் அவள்தான் இந்த நாவலுக்கு நீதிபதி. கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் தன் தாயார் பெயரில் வைத்திருக்கிற பரிசு, மூவர் குழு, இந்த வருஷம் எழுகரை முடிவடைந்துவிட்டதால் அதன் கடைசிப் பாகம் போட்டிக்கு வந்திருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அமைப்பாளர் சின்னராசு கூப்பிட்டுவிட்டார். "ஏனுங்க டீச்சர், ஒருத்தரு குடுக்கலாம்ங்கறாரு, ஒருத்தரு வேண்டவே வேண்டாம்ங்கறாரு. நீங்க சொல்றதுதானுங்க முடிவு. மத்தியானத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க." இவள் என்ன சொல்வாள். அவளிடம் இருப்பது இரண்டு புத்தகம், ஒன்று அச்சில் இருப்பது, ஒன்று அவள் வாயில் இருப்பது, அச்சில் இருப்பதை வாசிக்கும்போதெல்லாம் வாயில் இருப்பது வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. முந்தாநாள் சின்னராசுவிடம் குறைகளை மட்டும் அடுக்கினாள்: சண்டை அத்தியாயங்கள் நீளம், பெயர்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, சாம்பல் படை மலையிறங்கி இறங்கி மலையே தேய்ந்துவிட்டது, முக்கியமான பாத்திரத்தை ஒரு வரியில் கைகழுவுகிறாள், கவனக்குறைவு வேறு, கல்யாணப் பந்தியில் உட்காருகிறவர்கள் ஆறு பேர், போட்டிருப்பது ஏழு இலை. "அது பெரிய தப்புங்களே" என்று சின்னராசு வருத்தப்பட்டார். மூன்றாம் பாகம் என்பது பந்தியின் கடைசியில் வருகிற மோர் மாதிரி. எத்தனை பாயசம் ஊற்றியிருந்தாலும் அது புளித்திருந்தால் எழுந்து போகிறவன் அதைத்தான் சொல்லிக்கொண்டு போவான். இதையும் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு ஃபோனை வைத்தபோது மனசு நன்றாக இல்லை. அந்தப் பெண்ணை அடித்துவிட்ட மாதிரி இருந்தது.

பச்சைத் திரை அசைந்தது, ஒரு ஆள் வெறும் வாளியோடு வந்தான், போனான். உள்ளே கொண்டுபோகும் முன் தவசிமணியின் நெற்றியில் வலது புருவத்துக்கு மேலே பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தார்கள், எந்தக் கண் என்று தெரிவதற்கு. அதை மூன்று தடவை சரிபார்த்தாள், நர்ஸ் பிள்ளை, "ஆண்டி, இன்னொரு கண்ணுல செய்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றது, நல்ல மனசோடுதான் சொன்னது, இருந்தாலும் சுருக்கென்றது. உள்ளே போகும்போது அவர் இவள் கையை விடவில்லை. முகத்துக்கு நேரே பார்க்கிற மாதிரி பார்த்தார், பார்வை காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. கடைசியாக இவள் முகத்தை அவர் எப்போது தெளிவாகப் பார்த்திருப்பார்? இரண்டு வருஷத்தில் முன்பல் ஒன்று போய்விட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, தலைக்குச் சாயம் போடுவதை விட்டாயிற்று, பார்க்காத ஆளுக்கு எதற்கு என்று. இன்றைக்குக் கண் வந்தால் ஒரு கிழவியைப் பார்ப்பார். வராவிட்டால். வராவிட்டால் என்ன, வாசிக்கலாம், எழுகரை முடிந்தால் இன்னொன்று, ஆயுசு பூராவும் வாசிக்கலாம். அப்படி நினைத்ததும் மனசின் ஓர் ஓரத்தில் நிம்மதி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது, கண் வராவிட்டால் பொய்யும் வெளிவராது. அய்யோ. என்ன நினைப்பு இது. கர்த்தாவே, நான் அப்படி நினைக்கவில்லை, அந்தக் கண் வரட்டும், வந்து எட்டாம் அத்தியாயத்தை வாசிக்கட்டும், என்னைத் திட்டட்டும், ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும். கண்ணில் நீர் முட்டியது. முறுக்குக்காரி பொட்டலத்தை நீட்டினாள், வேண்டாமென்று தலையாட்டினாள், பிறகு ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கைக்கு வேலை வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்தாள். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் அவருக்கு வாசிக்காதது. ஆபரேஷன் பரபரப்பில் நின்றுபோயிற்று என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் உண்மை வேறு. அதில் நொச்சியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைவி தழையாள் ஏழாம் கரைக்குப் போகத் துறையில் வந்து நிற்கிறாள், ஓடம் ஆளில்லாமல் தானாக வந்து நிற்கிறது, துடுப்பு ஈரமாக இருக்கிறது, தழையாள் ஏறி ஒரு பக்கமாக ஒதுங்கி உட்காருகிறாள். ஆளில்லாத ஓடத்தில் ஆளை எப்படி ஏற்றுவது. மற்ற இடங்களில் எல்லாம் எத்தனை சுளுவாக இருந்தது. பந்தியில் ஒரு இலை மிச்சம் கிடந்தது, உட்கார வைத்தாள். காட்டுக்குள் காவல் இருந்த இடத்தில் முதல் ஜாமத்துக்கு ஒருத்தன், இரண்டாம் ஜாமத்துக்கு ஒருத்தன், மூன்றாம் ஜாமத்துக்கு ஆளைச் சொல்லவில்லை, நொச்சியை நிறுத்தினாள். மலைக்குகையில் வாசல்பக்கம் யாரும் படுக்கவில்லை என்று வந்தது, அங்கே படுக்கப் போட்டாள். குளிர் காய்கிற இடத்தில் தழையாள் தன் கம்பளியை இழுத்துப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுகிறாள், யாருக்கு என்று இல்லை, சும்மா விடுகிறாள், அங்கே போய்க் கிழவன் உட்கார்ந்தான். என்ன சாமர்த்தியமாகச் செருகுகிறோம், தையல் தெரியவில்லை பார் என்று இவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட. இப்போது ஒதுங்கி உட்காருகிற தழையாளைப் பார்த்தபடி விரல் வரியிலேயே நின்றது. ஒதுங்கி. யாருக்கு ஒதுங்கி? ஓடத்தில்தான் ஆளே இல்லையே. விரல் நகரவில்லை. பின்னால் புரட்டினாள், பந்தி, இலை, ஏழாவது இலை. 'தழையாள் அந்த இலையிலும் தண்ணீர் தெளித்தாள்' என்று இருந்தது, எத்தனை தடவை வாசித்த வரி. கம்பளி. வாசல்பக்கம். மூன்றாம் ஜாமம். கிழவனைச் செருகச் செருக இடம் கிடைத்ததே, அது இவள் சாமர்த்தியம் இல்லை. அந்தப் பெண் இடம் விட்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம், ஒரு வார்த்தை அழாமல், இருந்தவன் இருந்த இடத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி அப்படியே விட்டு வைத்திருந்தாள். ஒரு வரியில் கைகழுவினாள் என்றா சொன்னேன்? அவள் அந்த ஒரு வரிக்குப் பிறகு புத்தகம் முடிகிற மட்டும் வேறெதையும் எழுதவில்லை. ஏழு இலையைப் பிழை என்று ஃபோனில் சொன்ன டீச்சருக்கு முகம் சுட்டது. உட்கார ஆளில்லாத இலையில் தண்ணீர் தெளிக்கிறவள் எண்ணத் தெரியாதவளா? பக்கம் பக்கமாக இருந்த துக்கத்தின் மேல் கஞ்சியில் உப்புப் பத்தாது என்று சொல்ல ஒருத்தனை உட்கார வைத்து மறைத்துவிட்டேனே, அவருக்கும் மறைத்து எனக்கும் மறைத்து. அழுகை வந்தது, இந்தத் தடவை அடக்கவில்லை, முறுக்கு கையில் நொறுங்கியது.

"தவசிமணி கூட வந்தது யாரு?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தபோது புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள், செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளே கட்டில் வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்குக் கண்ணில் கட்டு, அவருக்கு இருப்பது ஒன்றே என்பதால் கட்டில்லை, கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டுவிட்டிருந்தார்கள். கையில் டீ, பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். "நல்லா வந்திருக்கும்மா, இன்னைக்கு மங்கலாத்தான் இருக்கும், நாளைக்குத் தெளியும்" என்றார் டாக்டர், அவர் பாட்டுக்கு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஞானசௌந்தரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, சௌந்தரியா?"

"நாந்தான். வலிக்கா?"

"வலி ஒண்ணும் இல்ல. ஒரே வெளிச்சம். மேல வெளக்கு மூணு மெதந்துக்கிட்டு கெடந்துச்சு." டீயை உறிஞ்சினார். "கடைசி அத்தியாயம் பாக்கி கெடக்குல்லா? புஸ்தகம் இருக்கா?"

"இருக்கு. இப்பம் எதுக்கு, வீட்டுக்குப் போயி..."

"அதுக்கு முன்னால அவன் செத்த எடத்த வாசி."

அவள் புத்தகத்தை மூடிப் பிடித்துக்கொண்டாள். "எவன்?" என்றாள், கேட்கும்போதே அந்தக் கேள்வி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நொச்சிதான்."

"எப்பம் தெரியும்?"

"அந்தக் கல்யாணப் பந்தியில. உப்பு பத்தலன்னு சொன்னாம்லா. ஒருத்தரும் இந்தான்னு எடுத்துப் போடல. தழையாள் அப்படிப்பட்ட புள்ளையாளா? பொறவு கவனிச்சேன். அவன் பாட்டுக்குப் பேசுதான், மழை வருதுங்கான், கரை தெரியுதாங்கான், யாரும் வாயத் தொறக்க மாட்டேங்காவ. உயிரோட இருக்கவங்கிட்ட அப்படி இருப்பாங்களா?"

மற்றவர் பேச்சில் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன் என்று இருந்தாளே, அந்தச் சுத்தபத்தம்தான் காட்டிக் கொடுத்திருக்கிறது. "தெரிஞ்சும் ஏங்க சொல்லல?" என்றாள்.

"நீ மத்தியானம் பூரா மெனக்கெட்டு மொணமொணன்னு சொல்லிப் பாத்துக்கிட்டு இருப்ப. நான் ஒறங்குதேன்னு நெனப்பு ஒனக்கு." பிஸ்கட் தூளை வேட்டியிலிருந்து தட்டிவிட்டார். "எனக்காவத்தான அவன உசுரோட வச்சிருக்கன்னு தெரிஞ்சிது. நல்லாருந்துச்சுளா. வாசி."

அவள் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டாம் அத்தியாயத்தைப் பிரித்து, தன் குரலிலேயே, தண்ணீர் குடிக்கப் போகாமல் வாசித்தாள். அந்தப் பனியில் நொச்சியும் போனான்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான். ஆனா பொறவு வருது. கடைசி மட்டும் வருது. நாந்தான் காட்டாம விட்டுட்டேன். மறுபடியும் மொதல்லேருந்து வாசிக்கணும்."

"வாசிப்போம்" என்றார் தவசிமணி. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது, கண் மருந்தோ என்னவோ, அவள் முந்தானையை எடுக்கப் போனாள், கண்ணைத் தொடக் கூடாது என்று ஞாபகம் வந்து கன்னத்தை மட்டும் ஒற்றினாள். அப்போதுதான் ஃபோன் அடித்தது. எடுத்து, சின்னராசு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "குடுத்திரலாங்க, எழுகரைக்கே குடுத்திரலாம்" என்றாள்.

"அப்படிங்களா! அந்த எலைக் கணக்குத் தப்புன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"தப்பு எம்மேலதான். அவ சரியா எண்ணித்தான் போட்டிருக்கா. வராத ஆளுக்குப் போட்ட எலை அது." அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

கடைசி அத்தியாயம் சின்னதுதான். பக்கத்துக் கட்டில்காரர் கட்டுப் போட்ட முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். துறை வந்தது, ஆளில்லாத ஓடம் வந்து நின்றது, துடுப்பு ஈரமாக இருந்தது, தழையாள் ஏறி ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். ஞானசௌந்தரி எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. ஓடம் நகராமல் நின்றது என்ற வரிக்கு வந்ததும் தவசிமணி கையை நீட்டிப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"இந்த எடத்துல அவன் கேப்பாம்லா?"

"புஸ்தகத்துல இல்லங்க."

"கேளேன்."

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தொண்டையைச் செருமி, மத்தியானங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தக் கரகரத்த குரலில், "கரை தெரியுதா?" என்று கேட்டாள்.

தவசிமணி கறுப்புக் கண்ணாடியை லேசாகத் தூக்கினார். பார்வை அவள் காதுப் பக்கம் போகவில்லை. நரைத்த முன்மயிர், ஒட்டிய கன்னம், பல் போன இடம் என்று அவள் முகத்தில் நிதானமாக நகர்ந்து, வந்து நின்றது.

"தெரியுது நொச்சி" என்றார். "தள்ளு."